மறுகால் எந்தப் பக்கம்?

(பாளையங்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பத்தோரு வருடம் நில அளவையராக வேலை பார்த்தவன் நான். சங்கிலி இழுத்தவன், கல் நட்டவன், புல வரைபடத்தில் கோடு போட்டவன். அந்தக் கோடுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையை விட்டுத் திருச்செந்தூர் சாலையில் போங்கள், தூத்துக்குடி சாலையில் போங்கள், நாகர்கோவில் சாலையில் போங்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரு நுழைவு வளைவு வந்துவிடும். இரண்டு பக்கமும் கலர் கொடி, வெள்ளை அடித்த எல்லைக்கல், புதுத் தார் ரோடு. பலகையில் ‘டிடிசிபி அப்ரூவ்டு, உடனடிப் பத்திரப்பதிவு, வங்கிக்கடன் உண்டு’ என்று எழுதியிருக்கும். மனை பார்க்க வருகிறவர்கள் குடிதண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், பஸ் வருமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான்.

எங்கள் அப்பா நாற்பது சென்ட் புஞ்சை வாங்கப்போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பத்து வயது. பத்திரத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அவர் குளத்தாங்கரையில் ஏறினார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “அண்ணாச்சி, மறுகால் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். குளம் நிரம்பி வழிகிற தண்ணீர் போகும் பாதைதான் மறுகால். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வடகிழக்கே காட்டினார். அப்பா அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இறங்கி வந்து, தரகரிடம் அந்த நிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரும் வழியில் என்னிடம், “ஏல, தண்ணிக்குப் பாதை மறக்காது, பாத்துக்க” என்றார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீருக்குள் போனது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் எல்லாம் தாமிரபரணி ஆற்றோடு ஆறாகிவிட்டன. 1992 நவம்பர் 13 வெள்ளத்தைப் பார்த்தவர்கள்கூட வாயடைத்து நின்றார்கள்.

அணையைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் இத்தனையும் என்று அப்போது பேசிக்கொண்டோம். ஆற்றங்கரைத் தெருக்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். என் தங்கை மகள் வீடு ஆற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் இருப்பதாக எல்லோரும் நம்பிய ஒரு புது நகரில் இருக்கிறது. அங்கே இரண்டு நாள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அது ஆற்றுத் தண்ணீர் கிடையாது. மேற்கே இருக்கிற மானாவாரிக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்த தண்ணீர். பழைய பாதையைத் தேடி வந்து, பாதை இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் இருக்கவே, அங்கேயே தங்கிவிட்டது.

இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியான், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூரிலிருந்து நம் பாளையங்கால்வாய். பாளையங்கால்வாய் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மேலச்செவல், முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் என்று ஊர் ஊராகத் தொட்டு, 50-க்கும் மேற்பட்ட குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைந்தது அந்தத் தண்ணீரால்.

இது ஆற்றுப் பாசனக் குளங்களின் கதை. இதற்கு மேலே, கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேட்டில், மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் குளங்கள் இருக்கின்றன. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாயும். மேல்குளத்து மறுகால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்துக்கால். கடைசிக் குளத்து மறுகால் கால்வாயிலோ ஆற்றிலோ போய் விழும். ஆகவே குளம் என்பது தண்ணீர் நிற்கிற பள்ளம் மட்டும் இல்லை. வரத்துக்கால், உள்வாய், கரை, மடை, மறுகால், அதன் கீழே பத்து என்கிற பாசன நிலம், எல்லாம் சேர்ந்ததுதான் குளம். இதில் மறுகால் வருடத்தில் பதினைந்து நாள் வேலை செய்தால் அதிகம். சில இடங்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. மீதி நாளெல்லாம் அது வெறும் தரை. ஆடு மேயும், உடைமுள் முளைக்கும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். மனை போட அதைப்போல வசதியான இடம் கிடையாது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஓடை அரசுப் புறம்போக்காக இருந்தால் அதற்குத் தனி சர்வே எண் உண்டு. புல வரைபடத்தில் இரட்டைக் கோடாகத் தெரியும். வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் பெயர் இருக்கும். ஆனால் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற எத்தனையோ வயல்வாய்க்கால்கள், மறுகால் பாதைகள் இருக்கின்றன. அவற்றுக்கு எண் கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் போகும், பக்கத்து வயல்காரர் தடுக்க மாட்டார், ஊர் அறியும். காகிதம் அறியாது.

வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்து, வேறொரு மாவட்டத்தில், ஒரு மனைப்பிரிவுக்காக ஏழு ஏக்கர் அளக்கப் போயிருந்தேன். பங்குனி மாதம். தரை வெடித்துக் கிடந்தது. ஒரு பெரியவர் வரப்பில் வந்து நின்றார். “ஐயா, நீங்க நிக்கிற இடம் ஓடைல்லா. இப்பம் மாட்டுத்தடம் மாதிரி கிடக்கு. கார்த்திகையில வந்து பாருங்க, இடுப்பளவு ஓடும்” என்றார். நான் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கோடு இல்லை. அலுவலகத்துக்கு வந்து அறிக்கையில், ‘புல வரைபடத்தின்படி மேற்படி புலத்தில் ஓடை ஏதும் இல்லை’ என்று எழுதினேன். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தப் பெரியவர் சொன்னதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை. பல வருடம் கழித்து ஒரு கார்த்திகையில் அந்த வழியாகப் போனேன். இரண்டு வரிசை வீடுகள். வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி இறங்கினேன். யாரிடமும் பேச முடியவில்லை.

அதனால்தான் மனைப்பிரிவு அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் மாநிலத்தில் இதற்கு அடிப்படை, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். திருநெல்வேலிக்கென்று உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கிறது. அளவைப் பொறுத்துக் கோப்பு மாவட்ட அலுவலகத்திலேயே முடியும், இல்லையென்றால் சென்னையில் உள்ள நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்குப் போகும்; பலகையில் இருக்கும் ‘டிடிசிபி’ அதுதான். தொழில்நுட்ப ஒப்புதல் கிடைத்ததும் ரோடுகளையும், அளவு பெரிதானால் 10 விழுக்காடு பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு இறுதி அனுமதி.

அந்தச் சட்டத்தின் 49ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது குழுமம் மூன்று விஷயங்களைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது: எதற்காகக் கேட்கிறார்கள், அந்தக் காரியத்துக்கு அந்த இடம் தகுதியானதா, அந்தப் பகுதியின் வருங்கால வளர்ச்சி எப்படி இருக்க வேண்டும். இரண்டாவதைப் பாருங்கள். இடத்தின் தகுதி! எங்கள் அப்பா கரையில் ஏறிக் கேட்ட கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் கோப்பு நகரும்போது அந்தக் கேள்வி துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. வருவாய்த்துறை பட்டாவைப் பார்க்கும். நீர்வளத்துறை தன் பதிவேட்டில் உள்ள குளத்தையும் வாய்க்காலையும் பார்த்துத் தடையில்லாச் சான்று தரும். வேளாண்துறை நஞ்சையா புஞ்சையா என்று பார்க்கும். ஒவ்வொருவரும் தங்கள் கட்டத்துக்குச் சரியாகப் பதில் எழுதுவார்கள். அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படி எழுதியவன்தான். முழு நிலத்தையும் ஒரு மழைநாளில் நடந்து பார்த்து, இது குடியிருக்கத் தகுந்த இடமா என்று சொல்லவேண்டிய ஆள் அந்தச் சங்கிலியில் இல்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் இடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. நல்ல விதி. ஆனால் அந்த 15 மீட்டரை எங்கிருந்து அளப்பது? வரைபடத்தில் உள்ள எல்லைக் கோட்டிலிருந்து. கோடே இல்லாத ஓடைக்கு 15 மீட்டரும் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, அல்லது 50 ஹெக்டேர் நிலப்பரப்பு என்று வந்தால்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். நம் ஊரில் போடுவது ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் லேஅவுட்கள். ஒரு குளத்துப் பத்தில் பத்து வருடத்தில் பத்து பேர் பத்து லேஅவுட் போடலாம். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னது, தனித்தனியாக விதிக்கு உட்பட்டது. எல்லாம் சேர்ந்து அந்தக் குளத்தின் மறுகாலை அடைத்துவிடும். அந்தப் பத்து லேஅவுட்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

முன்பு நிலைமை இன்னும் மோசம். ஊராட்சித் தலைவர் கையெழுத்தே ‘அப்ரூவல்’ என்று விற்ற காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று தடுத்தது. அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைகள் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம், ஆனால் குளம், வாய்க்கால், ஓடையில் இருப்பவை ஆகாது என்றார்கள். அந்தச் சமயத்தில் மேலப்பாளையத்தில் பீடி சுற்றிச் சேர்த்த காசில் மூன்று சென்ட் வாங்கியிருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தார். இடத்தின் தகுதியைப் பார்க்காமல் விட்டதன் விலையைக் கட்டியவர் அவர். விற்றவர் எப்போதோ பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது நல்லது, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இதன் பொருள் என்ன? வீடு கட்டும்போது இனி யாரும் வந்து தரையைப் பார்க்கப் போவதில்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அந்த ஒரு கட்டம்தான் கடைசி. அங்கே தவறவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை.

தனியார் மனைத் தொழிலை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. நம் புதிய பேருந்து நிலையம் எங்கே இருக்கிறது? வேய்ந்தான்குளத்தில். பெயரைச் சொன்னாலே விடை வந்துவிடுகிறது. ஊரே சேர்ந்து குளத்துக்குள் பஸ்ஸை நிறுத்திவிட்டு, மூன்று சென்ட் வாங்கியவரைப் பார்த்து நீ ஏன் ஓடையில் வாங்கினாய் என்று கேட்க முடியாது.

மனிதர்களின் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தக் குளங்களில் வேறு குடித்தனங்களும் உண்டு. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். இங்கே உள்ள மாணவர்களில் சிலரும் போயிருப்பீர்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில், ஊர்ச்சனம் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் நாரைக்கு ஒரு குளம் போதாது. கூடு ஒரு குளத்தில், இரை இருபது குளத்தில். சரணாலயத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டு அந்த இருபது குளத்தையும் மனையாக்கினால் கூடு மட்டும் என்ன செய்யும்? வடக்கே கங்கைகொண்டானில் 2013இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் 288 ஹெக்டேர்தான். வெளியே வருகிற மான்கள் நாற்கரச் சாலையில் அடிபடுகின்றன. அவற்றுக்கும் சர்வே எண் தெரியாது.

எல்லை தெரிவதற்கு முன்னால் அனுமதி வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் பள்ளிக்கரணையைப் பாருங்கள். சுமார் 1,247 ஹெக்டேர் சதுப்பு நிலம், 2022இல் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி கொடுக்கக்கூடாது என்றது. அடுத்த மாதமே, பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுமதியெல்லாம் வாங்கிய திட்டம் அது. சதுப்பு எங்கே முடிகிறது என்று தரையில் குறிப்பதற்கு முன்னால் அனுமதி வந்துவிட்டதுதான் வழக்கின் மையம். அங்கே நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது, பத்திரிகை பக்கத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டைத் தாலுகாவில் பெயர்கூட வெளியே தெரியாத ஒரு மானாவாரிக் குளத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

வழக்கு வரைக்கும் போகாமல், முன்கூட்டியே ஊரைக் கேட்கிற முறையும் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், நம் ஊராட்சி அளவுள்ள சிற்றூர்கள் பலவற்றிலும் ஒரு திட்டக் குழு உண்டு. புது மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வந்தால் பக்கத்து நிலக்காரர்களுக்குக் கடிதம் போகும். சாயங்காலம் ஊர் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் வரைபடத்தைச் சுவரில் மாட்டுவார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சதுப்பிலிருந்து 100 அடிக்குள் மண்ணைத் தொட வேண்டுமானால், ஊர்க்குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.

அந்த முறையிலும் ஒரு கேடு உண்டு, அதை மறைக்கக்கூடாது. வசதியானவர்கள் அதே கூட்டத்தில் உட்கார்ந்து, ஏழைகளுக்கான வீடுகளைத் தங்கள் தெருவுக்குள் வரவிடாமல் தடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கூட்டம் போட்டால், முதல் கேள்வி ‘யார் குடிவரப் போகிறார்கள்’ என்று வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. இந்த மாவட்டத்தின் சாதி வரலாறு நமக்குத் தெரியும். அதனால் நான் கேட்பது தண்ணீரைப் பற்றிய கூட்டம். யார் வருகிறார்கள் என்று கேட்க அங்கே எவருக்கும் உரிமை கூடாது. தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை வேண்டும்.

அதற்குப் புதிதாக ஓர் அமைப்பு உண்டாக்க வேண்டியதும் இல்லை. 2000ஆம் ஆண்டில் நம் சட்டமன்றம் பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய ஒரு சட்டம் இயற்றியது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன் வழியே வந்தவை. ஒரு மனைப்பிரிவுக் கோப்பு வந்தால், அந்த நிலத்துக்கு மேலே உள்ள குளத்துச் சங்கத்துக்கும் கீழே உள்ள குளத்துச் சங்கத்துக்கும் வரைபடத்தை அனுப்புங்கள். அவர்கள் நிலத்தில் நின்று, தண்ணீர் வருகிற வழியையும் போகிற வழியையும் கையால் வரைந்து கொடுக்கட்டும். அந்தக் கோடு புல வரைபடத்தில் இல்லாவிட்டாலும் கோப்பில் இருக்க வேண்டும். அந்த வழியை ரோடாகவோ பூங்காவாகவோ பொது இடமாகவோ விட்டு லேஅவுட் போடலாமே! அந்த 10 விழுக்காட்டை எந்த மூலையிலாவது ஒதுக்குவதற்குப் பதில் தண்ணீர்ப் பாதையில் ஒதுக்கினால், மனைக்காரருக்கும் நட்டமில்லை, மறுகாலுக்கும் இடம் கிடைக்கும். நான் அளந்த எத்தனையோ நிலங்களில் இது முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொன்று. முழுமைத் திட்டம் என்கிற மாஸ்டர் பிளான் வரைவாக வெளிவரும்போது, ஆட்சேபம் சொல்லச் சட்டம் குறைந்தது இரண்டு மாதம் தருகிறது. நில உபயோக மாற்றத்துக்கும் நாளிதழில் அறிவிப்பு வரும். கடைசிப் பக்கத்து மூலையில், சின்ன எழுத்தில், சர்வே எண் மட்டும் போட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நீங்கள் படிக்க வேண்டும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு புல வரைபடத்தைப் பாருங்கள், அது இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. பிறகு அந்த இடத்துக்குப் போங்கள். எழுதும் மனுவில் ‘இயற்கையைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள், அது குப்பைக்குப் போகும். இன்ன சர்வே எண்ணின் வடகிழக்கு மூலையில் இன்ன குளத்து மறுகால் இத்தனை அடி அகலத்தில் பாய்கிறது, 2023 டிசம்பரில் இந்தச் சுவரில் இந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, படம் இணைத்திருக்கிறேன் என்று எழுதுங்கள். அதற்குப் பதில் எழுதாமல் கோப்பை மூட முடியாது.

நான் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வரைபடத் தாள்தான், அதில் பாளையங்கால்வாய்க்குத் தெற்கே உள்ள மானாவாரிக் குளங்களின் மறுகால்களை ஒவ்வொன்றாக நடந்து வரைகிறேன். இதுவரை ஒன்பது குளம் ஆகியிருக்கிறது. மூன்றில் மறுகால் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வீடுகளாக இருக்கின்றன. ஒரு குளத்தில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா தன் கம்பால் தரையில் கீறிக் காட்டினார். அவர் காட்டிய வழி என் பழைய புல வரைபடத்தைவிடச் சரியாக இருந்தது.

இனி மழைக்காலத்தில் நடந்தால்தான் மீதி தெரியும். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேலப்பாளையத்தில் கால்வாய்ப் பாலத்துப் பக்கம் நிற்பேன். குடை, தண்ணீர் பாட்டில், பழைய செருப்பு போதும். நூறு அடி டேப் என்னிடம் இருக்கிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.